அத்தியாயம் 6: அனுப்பிய கையும் பார்த்த கண்ணும்

பர்கூர் ஜவுளிக் கடை ஒன்றில் வேலை பார்ப்பவரின் போனை வாங்கிப் பாருங்கள். குடும்பக் குரூப், மாமனார் வீட்டுக் குரூப், பிள்ளையின் வகுப்புக் குரூப், தெருக் குரூப், குலதெய்வக் கோயில் குரூப், சீட்டுக் குரூப், பத்தாம் வகுப்பில் கூடப் படித்தவர்கள் குரூப். சிப்காட் கம்பெனிக்குப் போகிறவர் என்றால் இதோடு ஷிப்ட் குரூப், பஸ் குரூப், விடுதிக் குரூப். காலை ஆறு மணி ஷிப்டுக்கு வண்டி ஏறும்போதே முந்நூறு மெசேஜ் காத்திருக்கும்.

அவற்றில் ஒன்று வதந்தியாக இருக்கலாம். அது முன்பின் தெரியாதவரிடமிருந்து வந்தால் நாம் கண்டுகொள்வதில்லை. வதந்தி எப்போதும் தெரிந்தவர் முகத்தோடுதான் வரும். அத்தை அனுப்புவார், கூட வேலை செய்யும் அண்ணன் அனுப்புவார், பள்ளி ஆசிரியர் அனுப்புவார். அனுப்பிய கை நமக்குத் தெரிந்த கை. ஆனால் நடந்ததை நேரில் பார்த்த கண் யாருடையது? அத்தைக்கும் தெரியாது, அத்தைக்கு அனுப்பியவருக்கும் தெரியாது. அத்தை மேல் நாம் வைத்திருக்கும் நம்பிக்கையை, அவர் அனுப்பிய செய்தியின் மேலும் வைத்துவிடுகிறோம். தவறு அங்கேதான் நடக்கிறது.

"யார் பார்த்தது?" என்று கேட்கப் பழகுவதுதான் இந்த அத்தியாயத்தின் பாடம். மற்றதெல்லாம் அந்தக் கேள்வியை எப்படிக் கேட்பது, யாரிடம் கேட்பது என்பதற்கான விளக்கம்.

நம் பகுதிக்கு ஏன் கூடுதல் கவனம்

பர்கூருக்கு ஒரு பக்கம் ஆந்திரத்தின் குப்பம். மேற்கே கிருஷ்ணகிரி, ஓசூர் தாண்டினால் கர்நாடகத்தின் அத்திப்பள்ளி. ஜவுளி வாங்க மூன்று மாநிலத்து ஆட்களும் வருகிறார்கள். சந்தையில் தமிழ், தெலுங்கு, கன்னடம், உருது நான்கும் கேட்கும். ஓசூர், பர்கூர், போச்சம்பள்ளி தொழிற்பேட்டைகளின் பக்கம் போனால் இந்தியும் ஒடியாவும் வங்காளமும் சேர்ந்துகொள்ளும்.

இந்தக் கலப்பு நம் பலம். வதந்திக்கும் இதுவே வசதி. ஒரே வீடியோ தமிழ்க் குரூப்பில் ஒரு விளக்கத்தோடும், இந்திக் குரூப்பில் நேர் எதிரான விளக்கத்தோடும் ஓடும். ஒருவர் குரூப்பை இன்னொருவர் படிப்பதில்லை. ஒரே எந்திரத்தின் இரண்டு பக்கமும் நின்று வேலை செய்கிற இருவர், ஒரே காட்சியைப் பார்த்து ஒருவரைக் கண்டு ஒருவர் பயப்படலாம்.

ஊரைவிட்டு வந்து விடுதியில் தங்கியிருப்பவர்களுக்குப் போன்தான் ஊர். வீட்டில் இருப்பவர்களுக்கும் பிள்ளையின் நிலவரத்தைச் சொல்ல அந்தப் போனை விட்டால் வேறு வழியில்லை. எல்லைப் பகுதி என்பதால் பெங்களூரில் நடப்பது ஒரு மணி நேரத்தில் இங்கே வந்துவிடும். நடக்காததும் வந்துவிடும்.

நடந்தவை ஐந்து

2012, பெங்களூரு. அசாமில் நடந்த கலவரத்தைத் தொடர்ந்து, வடகிழக்கு மாநிலத்தவர்கள் தாக்கப்படுவார்கள் என்று எஸ்.எம்.எஸ். பரவியது. ஆகஸ்ட் 15-ஐ ஒட்டிய நாட்களில் ஆயிரக்கணக்கானோர் குவாஹாட்டி ரயிலைப் பிடிக்கக் கூடினார்கள். கூட்டத்தைச் சமாளிக்கச் சிறப்பு ரயில்கள் விடப்பட்டன. மொத்தமாக எஸ்.எம்.எஸ். அனுப்புவதை மத்திய அரசு 15 நாளுக்குத் தடை செய்தது. ஒரு போனிலிருந்து நாளைக்கு 5 எஸ்.எம்.எஸ். மட்டும் என்று கட்டுப்பாடு வந்தது. இதில் கவனிக்க வேண்டியது, ரயில் நிலையத்துக் கூட்டமே வதந்திக்குச் சாட்சியாகிப் போனது. "இத்தனை பேர் ஓடுகிறார்களே, ஒன்றுமில்லாமலா?" என்று கேட்டவர்களும் பெட்டியைக் கட்டினார்கள்.

2016, ஓசூர் எல்லை. காவிரி நீர் தொடர்பான உச்ச நீதிமன்ற உத்தரவுக்குப் பின், செப்டம்பர் 12 அன்று பெங்களூரில் கலவரம். ஒரு பணிமனையில் நாற்பதுக்கும் மேற்பட்ட தமிழ்நாட்டுத் தனியார் பேருந்துகள் எரிக்கப்பட்டன. பேருந்துகள் எல்லையைக் கடக்காததால் மக்கள் அத்திப்பள்ளியில் இறங்கி, பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஜூஜூவாடி வரை நடந்தார்கள். அன்று சுற்றிய வீடியோக்கள் எல்லாமே பொய் இல்லை. இங்கே ஒருவர் அடிபட்டதும் உண்மை, அங்கே ஒருவர் அடிபட்டதும் உண்மை. ஆனால் ஒரே காட்சி நூறு குரூப்பில் சுற்றினால் நூறு சம்பவம்போலத் தோன்றும். ஒருவன் அடித்தது "அந்த ஊரே அடிக்கிறது" என்று மாறும். உண்மை வீடியோவும் வதந்தியின் வேலையைச் செய்யும்.

2018, குழந்தை கடத்தல். வடமாநிலத்திலிருந்து பிள்ளை பிடிக்கும் கும்பல் வந்திருப்பதாகத் தமிழ்நாடு முழுக்க வாட்ஸ்அப் அலறியது. மே 9 அன்று திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே அத்திமூரில், குலதெய்வக் கோயிலைத் தேடிக் காரில் வந்த சென்னைக் குடும்பம் ஒன்று தாக்கப்பட்டது. வழியில் நின்றபோது குழந்தைக்குச் சாக்லேட் கொடுத்ததுதான் அவர்கள் செய்தது. 65 வயது மூதாட்டி ஒருவர் அடித்துக் கொல்லப்பட்டார். அதே மாதம் பெங்களூரு சாமராஜ்பேட்டையில், பிழைக்க வந்த ராஜஸ்தான் இளைஞர் ஒருவர் அதே சந்தேகத்தில் கொல்லப்பட்டார்.

அந்த நாட்களில் நாடெங்கும் சுற்றிய வீடியோ ஒன்றில், மோட்டார் சைக்கிளில் வரும் இருவர் தெருவில் விளையாடும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போவார்கள். அது பாகிஸ்தானின் கராச்சியில் குழந்தைப் பாதுகாப்புக்காக எடுத்த விழிப்புணர்வுப் படம். கடைசியில் அந்த இருவரும் திரும்பி வந்து குழந்தையை இறக்கிவிட்டு, எச்சரிக்கை வாசகம் எழுதிய அட்டையைக் காட்டுவார்கள். அந்தக் கடைசிச் சில நொடிகளை யாரோ வெட்டிவிட்டார்கள். பிள்ளைகளைக் காப்பாற்ற எடுத்த படம், வாலை நறுக்கியதும் ஆளைக் கொல்லும் படமாயிற்று.

2021, ஸ்ரீபெரும்புதூர். நம் தொழிற்பேட்டைகள் ஊன்றிப் படிக்க வேண்டியது இது. ஃபாக்ஸ்கான் ஆலைப் பெண் தொழிலாளர்கள் தங்கியிருந்த, பூந்தமல்லி அருகிலிருந்த விடுதியில் டிசம்பர் நடுவில் உணவு ஒவ்வாமை. 159 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். யார் எந்த மருத்துவமனையில் இருக்கிறார்கள், எப்படி இருக்கிறார்கள் என்று கூடத் தங்கியிருந்த பெண்களுக்குத் தெளிவாகத் தெரியவில்லை. சிலர் இறந்துவிட்டார்கள் என்று செய்தி பரவியது. டிசம்பர் 17 இரவு பெண்கள் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் அமர்ந்தார்கள். மறுநாளும் மறியல் நீடித்தது. சிகிச்சையில் இருந்தவர்களை வீடியோ அழைப்பில் காட்டி, உயிரோடுதான் இருக்கிறார்கள் என்று அதிகாரிகள் புரியவைக்க வேண்டியிருந்தது.

இறப்புச் செய்தி பொய். ஆனால் விடுதி மோசம் என்ற குறை பொய் இல்லை. சில விடுதிகளும் உணவுக்கூடங்களும் உரிய தரத்தில் இல்லை என்று சம்பந்தப்பட்ட நிறுவனங்களே அந்த மாதம் ஒப்புக்கொண்டன. மூடப்பட்ட ஆலை ஜனவரி 12 அன்றுதான் மறுபடி திறந்தது. தோழி எங்கே என்ற கேள்விக்கு முதல் நாளே நேரான பதில் வந்திருந்தால் வதந்திக்கு இடமே இருந்திருக்காது. வதந்தியைப் பரப்பியவர் மேல் வழக்குப் போடலாம். பதில் சொல்லாமல் இருந்தவர் செய்த தவறு எந்த வழக்கிலும் வருவதில்லை.

2023, பீகார் தொழிலாளர்கள். மார்ச் தொடக்கத்தில், தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளர்கள் கொல்லப்படுவதாக இந்தியில் வீடியோக்கள் பறந்தன. அப்போதைய காவல்துறைத் தலைவர் சைலேந்திர பாபு, இரண்டு வீடியோக்களை எடுத்து விளக்கம் சொன்னார். ஒன்று பீகார் தொழிலாளர்களுக்குள்ளேயே இரு பிரிவினர் மோதிக்கொண்டது. இன்னொன்று கோவையில் உள்ளூர்க்காரர்கள் மோதிக்கொண்டது. மார்ச் 8 ஹோலி. பண்டிகைக்கு ஊருக்குப் போகிறவர்களால் நிறைந்த ரயில்களை, உயிருக்குப் பயந்து ஓடுகிறவர்கள் கூட்டம் என்று காட்டினார்கள். பாட்னாவில் ஒரு வாடகை வீட்டில் ஆட்களுக்குக் கட்டுப்போட்டு நடிக்கவைத்து எடுத்த வீடியோவும் அதில் இருந்தது என்று பீகார் போலீசே கண்டுபிடித்தது. பீகார் அரசு அதிகாரிகள் குழுவை அனுப்பியது. அவர்கள் வந்து பார்த்து, தொழிலாளர்களிடமே பேசிவிட்டுத் திரும்பினார்கள். இப்படிப்பட்ட வீடியோக்களைப் பரப்பியதாக யூடியூபர் மணீஷ் காஷ்யப் கைதாகித் தமிழ்நாட்டுக்குக் கொண்டுவரப்பட்டார்.

ஏன் பரவுகிறது

படிக்காதவர்தான் நம்புவார் என்று நினைக்க வேண்டாம். அமெரிக்க உளவியலாளர்கள் ஆல்போர்ட்டும் போஸ்ட்மேனும் 1947-லேயே கணக்குப்போல ஒன்றைச் சொன்னார்கள். விஷயம் நமக்கு எவ்வளவு முக்கியமோ, அதைப் பற்றிய தெளிவு எவ்வளவு குறைவோ, அந்த இரண்டையும் பெருக்கினால் வருவது வதந்தியின் வேகம். இரண்டில் ஒன்று பூச்சியமானால் வதந்தியும் பூச்சியம். பிள்ளையின் உயிர் என்பது முக்கியத்தில் உச்சம். அதைக் குறைக்க முடியாது. தெளிவைக் கூட்டலாம், அது நம் கையில் இருக்கிறது.

1934 ஜனவரி 15 அன்று பீகாரில் பெரிய நிலநடுக்கம். அதிர்ச்சியை உணர்ந்தும் சேதம் எதுவும் இல்லாத ஊர்களில் என்ன பேசிக்கொண்டார்கள் என்று ஜமுனா பிரசாத் என்ற இந்திய ஆய்வாளர் தொகுத்தார். "ஆபத்து நீங்கியது" என்று அவர்கள் பேசிக்கொள்ளவில்லை. இதைவிடப் பெரிய அழிவு வரப்போகிறது என்றுதான் பேசிக்கொண்டார்கள். பயம் முதலில் வந்துவிட்டது, அதற்குத் தக்க காரணத்தை மனம் பிறகு தேடிக்கொண்டது என்று பின்னாளில் லியான் ஃபெஸ்டிங்கர் இதை விளக்கினார். நம் குரூப்களிலும் இதையே பார்க்கலாம். வெளியூர் ஆளைப் பார்த்து ஏற்கெனவே மிரண்டிருப்பவருக்குக் கடத்தல் வீடியோ காரணத்தைக் கொடுத்துவிடுகிறது.

அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஆய்வாளர்கள் 2006 முதல் 2017 வரை ட்விட்டரில் பரவிய ஏறத்தாழ 1,26,000 செய்திகளை ஆராய்ந்து 2018-ல் முடிவை வெளியிட்டார்கள். பொய்ச் செய்தி மறுபகிர்வாகும் வாய்ப்பு உண்மையைவிட 70 சதவீதம் அதிகம். 1,500 பேரைச் சென்றடைய உண்மைக்கு ஆறு மடங்கு நேரம் பிடித்தது. தானாக இயங்கும் போலிக் கணக்குகளைக் கழித்துவிட்டுப் பார்த்தும் முடிவு மாறவில்லை. பரப்பியவர்கள் மனிதர்கள்தான். பொய் புதிதாக இருக்கிறது, அதனால் சொல்ல ஆசை வருகிறது.

ஒரு சின்னக் கணக்குப் போடுவோம். ஒருவர் ஒரு செய்தியை 5 குரூப்புக்கு அனுப்புகிறார். ஒவ்வொரு குரூப்பிலும் ஒரே ஒருவர் மட்டும் அதை வேறு 5 குரூப்புக்கு அனுப்புகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். நான்காவது சுற்றில் 625 குரூப். குரூப்புக்கு 100 பேர் என்றால் 62,500 பேர். பர்கூரில் ஷிப்ட் வண்டி ஏறியவர் வேலைக்குள் நுழைவதற்குள் இது நடந்துவிடும். இப்போது, ஒவ்வொரு ஐந்து குரூப்பிலும் இரண்டில் யாரும் அனுப்பாமல் நின்றுவிட்டால்? அதே நான்காவது சுற்றில் 135 குரூப்தான். ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள். முழு ஊரையும் மூட வேண்டாம், ஐந்தில் இருவர் சும்மா இருந்தால் போதும்.

வாட்ஸ்அப் நிறுவனமும் இந்தக் கணக்கைத்தான் கையாண்டது. 2018 கொலைகளுக்குப் பிறகு இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் 5 பேருக்கு அல்லது குரூப்புக்கு மேல் அனுப்ப முடியாதபடி செய்தது. ஏற்கெனவே பல கை மாறிய செய்தியை ஒரு முறைக்கு ஒருவருக்குத்தான் அனுப்பலாம் என்று 2020 ஏப்ரலில் மேலும் இறுக்கியது. அப்படிப்பட்ட செய்திகள் உலக அளவில் 70 சதவீதம் குறைந்ததாக அந்த மாதமே சொன்னது.

ஒரு ஃபார்வர்டைப் பிரித்துப் பார்ப்போம்

கீழே இருப்பது பயிற்சிக்காக நாம் எழுதிய போலிச் செய்தி. படித்தவுடன் எங்கோ பார்த்ததுபோல இருக்கும்.

*"அவசரம்!! கிருஷ்ணகிரி, பர்கூர், ஓசூர் பகுதி பெற்றோர் கவனத்திற்கு. 400 பேர் கொண்ட கும்பல் நம் மாவட்டத்துக்குள் வந்துள்ளது. நேற்று இரவு ஒரு குழந்தையைத் தூக்கியபோது பொதுமக்கள் பிடித்தனர். போலீசே உறுதி செய்துவிட்டது. டி.வி.யில் காட்ட மாட்டார்கள். உங்கள் பிள்ளை மேல் பாசம் இருந்தால் 10 குரூப்புக்கு அனுப்பவும்."*

"அவசரம்" என்பதற்கு வேலை ஒன்றுதான், யோசிக்க விடாமல் செய்வது. ஊர்ப்பெயர் மூன்றையும் எடுத்துவிட்டு "தேனி, கம்பம், போடி" என்று போட்டுப் பாருங்கள், செய்தி அப்படியே பொருந்தும். ஊரை மாற்றினாலும் பொருந்துகிற செய்தி எந்த ஊரிலும் நடக்காத செய்தி. "400 பேர்" என்று எண்ணியது யார்? "நேற்று இரவு" என்றால் எந்தத் தேதி? இந்த மெசேஜ் ஆறு மாதம் கழித்து வந்தாலும் "நேற்று இரவு" என்றுதான் சொல்லும். "ஒரு குழந்தை" யார் வீட்டுப் பிள்ளை, எந்தத் தெரு? "போலீசே" என்றால் எந்த ஸ்டேஷன்? "டி.வி.யில் காட்ட மாட்டார்கள்" என்பது, நீங்கள் சரிபார்க்கப் போகும் கதவை முன்கூட்டியே சாத்தும் வேலை. கடைசி வரி உங்கள் பாசத்தையே பணயம் வைக்கிறது. உண்மையான போலீஸ் அறிவிப்பு எதுவும் பாசத்தைச் சோதிக்காது. அதில் தேதி இருக்கும், நிலையத்தின் பெயர் இருக்கும், தொடர்புக்கு எண் இருக்கும்.

ஐந்து நிமிடச் சோதனை

1. அம்புக்குறியைப் பாருங்கள். செய்தியின் மேல் இரட்டை அம்புக்குறி இருந்தால் அது பல கை தாண்டி வந்தது. அனுப்பியவர் நேரில் பார்த்தது அல்ல.

2. அனுப்பியவரிடமே கேளுங்கள். "நீங்க பார்த்தீங்களா, வந்ததா?" என்ற ஒரு கேள்வி போதும். "வந்தது" என்றால் அவருக்கு அனுப்பியவரை இதே கேள்வி கேட்கச் சொல்லுங்கள். இரண்டாவது, மூன்றாவது ஆளிலேயே நூல் அறுந்துவிடும்.

3. காட்சிக்குள் தேடுங்கள். இந்த வேலையில் நம் பகுதிக்காரர்கள் கெட்டிக்காரர்கள். நெடுஞ்சாலை ஓரத்தில் இருப்பதால் நம்பர் பிளேட் பார்த்தே ஊரைச் சொல்வோம். கிருஷ்ணகிரி வண்டி டி.என். 24, ஓசூர் வண்டி டி.என். 70. வீடியோவில் நிற்கும் வண்டியில் என்ன இருக்கிறது? கடைப் பலகை எந்த மொழி? பஸ்ஸின் நிறம், போலீஸ் தொப்பி, பின்னால் கேட்கும் பேச்சு எல்லாம் எந்த ஊர்? ஓசூர் என்று சொல்லும் வீடியோவில் ஒரு தமிழ்ப் பலகைகூட இல்லையென்றால் சந்தேகப்படுங்கள்.

4. படத்தைத் தேடுங்கள். வீடியோவை ஓரிடத்தில் நிறுத்தி ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். கூகுள் ஆப்பில் கேமரா படம் போட்ட லென்ஸ் பொத்தானை அழுத்தி அந்தப் படத்தைக் கொடுங்கள். அதே காட்சி இரண்டு வருடம் முன்பு வேறு மாநிலச் செய்தியில் வந்திருந்தால் காட்டிவிடும். ஒரு படத்தில் கிடைக்காவிட்டால் வேறு இடத்தில் நிறுத்தி இன்னொன்றைப் போடுங்கள்.

5. முழு நீளத்தைத் தேடுங்கள். திடீரென்று தொடங்கி, திடீரென்று முடியும் வீடியோ வெட்டப்பட்டதாக இருக்கலாம். கராச்சிப் படத்தை மறக்க வேண்டாம்.

6. சரிபார்ப்பவர்களிடம் போங்கள். தமிழ்நாடு அரசின் தகவல் சரிபார்ப்பகம், தமிழிலேயே இயங்கும் யூடர்ன், மத்திய அரசின் பத்திரிகைத் தகவல் அலுவலகத்துச் சரிபார்ப்புப் பிரிவு ஆகியவற்றின் பக்கங்களில் தேடலாம். அரசு சரிபார்ப்பகங்கள் அரசைப் பற்றிய செய்திகளை அரசின் பக்கத்திலிருந்துதான் பார்க்கும். அப்படிப்பட்ட செய்திக்கு நாளிதழையும் சேர்த்துப் பாருங்கள்.

குரலையும் முகத்தையும் கம்ப்யூட்டரே செய்துகொடுக்கும் காலம் இது. தெரிந்தவர் குரலில் வாய்ஸ் நோட் வந்தாலும், அதில் பணமோ கலவரமோ இருந்தால் அவருடைய எண்ணுக்கு நீங்களே கூப்பிட்டுக் கேளுங்கள். "பெரிய கம்பெனியில் ஆள் எடுக்கிறார்கள், பதிவுக் கட்டணம் அனுப்பவும்" என்பதும் இதே குடும்பத்தைச் சேர்ந்த பொய்தான். வேலை கொடுப்பவர் பணம் கேட்டால் அங்கே வேலை இல்லை என்று அர்த்தம்.

பெரியவர்களிடம் எப்படிச் சொல்வது

குடும்பக் குரூப்பில் மாமா போட்ட செய்தியை "இது ஃபேக்" என்று எல்லார் முன்னாலும் எழுதினால், அவர் செய்தியை விட்டுவிட்டு மரியாதையைப் பிடித்துக்கொள்வார். தனியாக அனுப்புங்கள்:

"மாமா, நீங்க போட்டதப் பாத்தேன், எனக்கும் பயமாத்தான் இருந்துச்சு. உங்களுக்கு யாரு அனுப்புனாங்க? தேதி எதுவும் போடல, அதான் கேக்குறேன். நான் ஸ்டேஷன்ல கேட்டுட்டுச் சொல்றேன், அதுவரைக்கும் வேற யாருக்கும் போட வேண்டாம் மாமா."

விசாரித்து முடித்ததும் மாமாவையே குரூப்பில் திருத்தச் சொல்லுங்கள். போட்டவரே திருத்தினால் அதற்கு மதிப்பு அதிகம். திருத்தும்போது உண்மையை முதல் வரியில் எழுத வேண்டும்: "பர்கூரில் குழந்தை கடத்தல் எதுவும் நடக்கவில்லை, ஸ்டேஷனில் கேட்டுவிட்டோம்." பொய் வீடியோவை மறுபடி இணைக்காதீர்கள். பலர் வீடியோவை மட்டும் பார்ப்பார்கள், கீழே எழுதியதைப் படிக்க மாட்டார்கள்.

கூட வேலை செய்யும் வெளிமாநிலத்தவரிடமும் பேசுங்கள். "ஊரில் எங்களைப் பற்றி என்ன வீடியோ வருது, காட்டு பையா" என்று கேட்டாலே பாதிப் பயம் போய்விடும். அவர் போனில் ஓடுவது உங்களுக்கும், உங்கள் போனில் ஓடுவது அவருக்கும் தெரிய வேண்டும்.

அட்மின், வார்டன், சூப்பர்வைசர் கவனிக்க

அட்மின் என்றால் குரூப்பில் வரும் எல்லாவற்றுக்கும் ஜெயில் என்பதே ஒரு வதந்தி. ஒருவர் போட்டதற்கு, அட்மினாக இருந்த ஒரே காரணத்துக்காக இன்னொருவரைக் குற்றவாளியாக்க முடியாது என்ற கருத்தை பம்பாய், கேரள உயர் நீதிமன்றங்கள் சொல்லியிருக்கின்றன. 2021 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்ற மதுரைக் கிளையும் அதே வழியில் உத்தரவிட்டது. அதற்காகக் கையைக் கட்டிக்கொண்டு இருக்கவும் வேண்டாம். அட்மின் எந்தச் செய்தியையும் எல்லார் போனிலிருந்தும் அழிக்கலாம். பதற்றமான நாளில் "அட்மின் மட்டும் அனுப்பலாம்" என்று அமைப்பை மாற்றிவைக்கலாம்.

விடுதியிலோ ஆலையிலோ விபத்து, நோய் என்றால் முதல் அரை மணி நேரத்தில் அறிவிப்புப் போட வேண்டும். தெரிந்தது, தெரியாதது, அடுத்து எப்போது சொல்வோம் என்ற மூன்றும் அதில் இருக்கட்டும். மாதிரி இதோ:

"நேற்று இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு 14 பேருக்கு வாந்தி. 14 பேரும் அரசு மருத்துவமனையில் இருக்கிறார்கள், வார்டன் கூடவே இருக்கிறார். காரணம் இன்னும் தெரியவில்லை. காலை 7 மணிக்கு மறுபடி சொல்வோம். உங்கள் தோழியோடு பேச வேண்டுமானால் வார்டன் போனுக்குக் கூப்பிடுங்கள்."

இதைத் தமிழோடு விடுதியில் பேசப்படும் மற்ற மொழிகளிலும் போடுங்கள். 7 மணிக்குச் சொல்வதாக எழுதினால் 7 மணிக்குச் சொல்ல வேண்டும், புதிதாக ஒன்றும் இல்லாவிட்டாலும். "ஒன்றும் நடக்கவில்லை, வேலையைப் பாருங்கள்" என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். ஆம்புலன்ஸைக் கண்ணால் பார்த்தவர்களிடம் அப்படிச் சொன்னால், அடுத்து நீங்கள் சொல்லும் உண்மையையும் நம்ப மாட்டார்கள்.

"ஃபார்வர்டுதான் செய்தேன்"

இந்தச் சமாதானம் நீதிமன்றத்தில் நிற்காது. நடிகர் எஸ்.வி. சேகர் 2018-ல் பெண் பத்திரிகையாளர்களை இழிவுபடுத்தும் பதிவு ஒன்றை ஃபேஸ்புக்கில் பகிர்ந்தார். படிக்காமல் ஃபார்வர்டு செய்ததாகவும், பிறகு நீக்கி மன்னிப்புக் கேட்டதாகவும் சொன்னார். 2023 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் வழக்கை ரத்து செய்ய மறுத்தது. அனுப்பிய செய்தியை வில்லிலிருந்து விடுபட்ட அம்போடு ஒப்பிட்டது. ஆகஸ்டில் உச்ச நீதிமன்றமும் தலையிட மறுத்தது. 2024 பிப்ரவரியில் அவருக்கு ஒரு மாதச் சிறை விதித்துத் தீர்ப்பு வந்தது.

பொதுமக்களிடம் பீதியைக் கிளப்பும், பிரிவினரிடையே பகையை மூட்டும் பொய்த் தகவலைப் பரப்புவது பாரதிய நியாய சன்ஹிதாவின் 353-வது பிரிவில் வரும். மூன்று ஆண்டு வரை சிறை கிடைக்கலாம்.

ஏற்கெனவே அனுப்பிவிட்டீர்களா?

எல்லாருக்கும் நடப்பதுதான். உடனே "அனைவருக்கும் நீக்கு" கொடுங்கள். வாட்ஸ்அப்பில் இரண்டு நாளுக்குள் இதைச் செய்ய முடியும். நீக்கியதோடு நிறுத்தாதீர்கள், அதற்குள் பார்த்தவர்கள் இருப்பார்கள். அதே குரூப்பில், "நான் காலையில் போட்டது தவறான செய்தி, யாருக்காவது அனுப்பியிருந்தால் அவர்களுக்கும் சொல்லுங்கள்" என்று எழுதுங்கள். அப்படி எழுதியவரின் அடுத்த செய்தியை அந்தக் குரூப் கூடுதலாகத்தான் நம்பும்.

வெளியூர் ஆள் ஒருவரைக் கும்பல் சூழ்ந்து நிற்பதைக் கண்டால் வீடியோ எடுக்காதீர்கள், 112-க்குக் கூப்பிடுங்கள். கூட்டத்தைப் பார்த்துச் சத்தமாக, "எந்தக் குழந்தை? யார் வீட்டுப் பிள்ளை? யார் பார்த்தது?" என்று கேளுங்கள். அத்திமூரில் அன்று அந்தக் கேள்வியைத்தான் யாராவது கேட்டிருக்க வேண்டும்.

சுவரில் ஒட்டி வைக்க

அவசர உதவி: 112
குழந்தைகளுக்கான உதவி: 1098
இணையப் பண மோசடி: 1930
உள்ளூர்க் காவல் நிலைய எண்: (நீங்களே விசாரித்து இங்கே எழுதிக்கொள்ளுங்கள்)

இந்தப் பக்கத்தைப் போட்டோ எடுத்து உங்கள் குரூப்பில் தாராளமாகப் போடலாம். போடும்போது எந்தப் புத்தகம், எந்த அத்தியாயம் என்று கீழே எழுதிப் போடுங்கள். "யார் சொன்னது?" என்று யாராவது கேட்டால் பதில் இருக்க வேண்டும்.